நாய்க்குட்டி வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

துடியலூர் பக்கம் இப்போது யார் தோட்டத்துக்குப் போனாலும், விதை, விலை, மழை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி வருகிறது: "நல்ல நாய்க்குட்டி எங்கயாச்சும் கெடைக்குங்களா?" மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு மேற்கே தடாகம், நாயக்கன்பாளையம் வரைக்கும் காட்டுப்பன்றியும் மயிலும் படுத்துகிற பாடு நமக்குத் தெரியும். ரோட்டுக்குக் கிழக்கே தேங்காய்த் திருட்டு, மோட்டார் ஒயர் திருட்டு. ஆடு வைத்திருக்கிறவருக்கு ராத்திரித் தூக்கமே இல்லை.

ஆடு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் கொறங்காட்டுப் பட்டிகளில் நாய்க் கூட்டம் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், உழவர்கள் இழப்பீடு கேட்டுத் தெருவுக்கு வந்து போராடியதும் சமீபத்துச் சங்கதி. அந்தக் கூட்டத்து நாய்கள் வானத்திலிருந்து குதித்து வரவில்லை. யாரோ ஆசையாக வாங்கி, ஆறு மாதம் வளர்த்து, "இது சரிப்படாது" என்று வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டவையும், அவை போட்ட குட்டிகளும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே குட்டி வாங்குவது ஒரு வீட்டுக் காரியம் மட்டும் அல்ல. நாம் தப்பான குட்டியை வாங்கினால் அதற்கான தண்டம் பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்டின் தலையில் விழும்.

எங்கள் சாளையில் நாய் இல்லாத நாள் கிடையாது. அப்புச்சி காலத்தில் பட்டி நாய், அப்பா காலத்தில் கோம்பை, இப்போது இரண்டும். கொஞ்ச வருசமாக, குட்டி வாங்கப் போகிற அக்கம்பக்கத்துக்காரர்கள் என்னையும் கூட்டிப் போகிறார்கள். மாடு பிடிக்கப் போனால் பல் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போவதில்லையா, அது மாதிரி. அப்படிப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு உறுதி செய்ததையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தோட்டத்தைக் கேளுங்கள்

எந்த இனம் வாங்கலாம் என்று கேட்கும் முன், நாய்க்கு நம் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்க வேண்டும். ஆள் வந்தால் குரைத்து எழுப்ப வேண்டுமா? ஆட்டுப்பட்டிக்குக் காவலா? கோழி மேய்கிற இடத்தில் கோழியோடு இருக்க வேண்டுமா? குழந்தைகள் உண்டா? வாழைக்கும் கறவைக்கும் கூலி ஆட்கள் வந்து போகிற இடமா? மலையடிவாரமா?

மலையடிவாரம் என்றால் தனியாக யோசிக்க வேண்டும். ஆனைகட்டி ரோட்டுப் பக்கமும் தடாகம் பள்ளத்தாக்கிலும் யானை வரும், சிறுத்தை வரும். ராத்திரி வெளியே கட்டிப் போட்ட நாய் சிறுத்தைக்கு வைத்த தீனி. யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு எசமானைத் தேடி ஓடி வருகிற நாய், யானையையும் பின்னாலேயே கூட்டி வந்துவிடும். அந்தப் பக்கத்துக்காரர்கள் இருட்டினால் நாயை உள்ளே அடைக்க இடம் செய்துவிட்டுத்தான் குட்டிக்குப் போக வேண்டும். பன்றியை விரட்டிப் பிடிக்கத்தான் நாய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாயை விட்டுக் காட்டுப்பன்றி, முயல் பிடிப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றி வருவதை நாய் குரைத்துக் காட்டினால் போதும், மிச்சத்தை வேலி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாட்டு இனம் என்றால் எல்லாம் ஒன்றல்ல

2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் ஊர் நாய்களின் பேர் வந்தது. கர்னாலில் உள்ள கால்நடை மரபணு வளங்களுக்கான தேசிய நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு. மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலையே வந்துவிட்டது. நமக்கெல்லாம் சந்தோசம்தான். ஆனால் பேர் பெரிதானால் சந்தையும் பெரிதாகும். நாட்டு விதை என்று பை தைத்து எதையும் விற்கிற கதை நமக்குப் புதிதா என்ன?

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

ராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்து நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, உயரமான உடல். ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும்; புது ஆளை நம்பாது. இடத்தைக் காக்கும். கூலி ஆட்கள் தினம் மாறுகிற தோட்டத்தில் இதை அவிழ்த்து விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சிப்பிப்பாறை, கன்னி: ஒல்லி உடம்பு, நீளக் கால், கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஓட்ட நாய்கள். கருப்பு உடம்பில் செம்பழுப்பு கலந்ததைக் கன்னி என்பார்கள். எசமானிடம் அமைதி. ஆனால் ஓடுகிற எதையும் துரத்தும். வேலி இல்லாத ஒரு ஏக்கரில், நாலு பக்கமும் அடுத்தவர் ஆடு மேய்கிற இடத்தில் இது வேண்டாம்.

கோம்பை: தேனி மாவட்டம் கோம்பையின் பேர். பழுப்பு உடம்பு, கருத்த வாய், கட்டுமஸ்தான உடல். விழிப்பான காவல் நாய். சிறு வயதிலேயே பழக்காவிட்டால் முரட்டுத்தனம் வரும்.

இவை எதுவும் இல்லாமல், நம் ஊர்ப் பட்டிகளில் தலைமுறையாக ஆட்டோடு கிடக்கிற பேரில்லாத நாட்டு நாய் ஒன்று உண்டு. பத்துத் தோட்டத்தில் ஏழுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். தாய் ஆட்டுப்பட்டியில் கிடந்து வளர்ந்ததென்றால், குட்டியும் கண் திறந்ததிலிருந்து ஆட்டு வாசத்தில் வளர்ந்திருக்கும். அதற்கு ஆடு இரை அல்ல, கூட இருக்கிற உயிர். காசு கொடுத்து வாங்கினாலும், சும்மா கொடுத்தாலும், கீழே சொல்கிற சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை பனி நாட்டு ரோமத்தோடு பிறந்தவை. மே மாத வெயிலில் அதைத் தகரக் கொட்டகையில் கட்டி வைப்பதை வளர்ப்பு என்று சொல்ல முடியாது. மூக்கு அமுங்கிய பக் நாய்க்கு நம் வெயிலில் மூச்சு விடுவதே பாடு.

வளர்ப்பவர் இடத்தில் பார்க்க வேண்டியது

குட்டியைப் பார்க்காதீர்கள். முதலில் தாயைப் பாருங்கள். குட்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும், அப்புறம் எந்தக் கேள்வியும் வாயில் வராது.

ஒரு இடத்துக்குப் போனபோது இப்படி நடந்தது.

"தாய காட்டுங்கண்ணா."

"தாய் ஊருக்குப் போயிருக்குதுங்க."

"நாய் எப்படிங்கண்ணா ஊருக்குப் போகும்?"

"அது... மச்சான் தோட்டத்துல உட்டிருக்கறமுங்க."

என்னோடு வந்தவர் அன்றைக்கு முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்குவதில்லை என்பது மாற்றக் கூடாத விதி. தாய் அங்கே இல்லை என்றால் அவர் வளர்ப்பவரே அல்ல, கை மாற்றி விற்கிறவர். குட்டி எங்கே பிறந்தது, எத்தனை நாள் பால் குடித்தது, எதுவும் அவருக்குத் தெரியாது.

தாயிடம் என்ன பார்க்க வேண்டும்? பால் கொடுக்கிற தாய் கொஞ்சம் மெலிந்திருப்பது சகஜம். ஆனால் முதுகெலும்பு துருத்தி, ரோமம் உதிர்ந்து, கண்ணில் பீளையோடு இருந்தால் அடுத்தடுத்துக் குட்டி போட வைக்கிறார்கள் என்று அர்த்தம். எசமான் பக்கத்தில் நிற்கும்போது புது ஆளைப் பார்த்துக் குரைப்பது சரி. மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, எசமான் கைக்கே பல்லைக் காட்டினாலோ குட்டிக்கும் அந்தக் குணம் வர வாய்ப்பு உண்டு. தகப்பன் வேறு இடத்தில் இருக்கலாம், அது தப்பில்லை. எங்கே என்று கேட்டு, முடிந்தால் போய்ப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு? நாட்டு இனங்களில் இது பெரிய தொல்லை. இருக்கிற நாய்கள் கொஞ்சம். அண்ணன் தங்கச்சியையே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பொலிகாளை தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்க்கிற அதே கணக்கை இங்கேயும் பார்க்க வேண்டும். பாட்டன் பாட்டி வரைக்கும் சொல்லத் தெரிந்தவர் நல்ல வளர்ப்பவர். கேசிஐ என்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் காட்டினால் நல்லது, வம்சம் தெரியும். ஆனால் அது வம்சத்துக்கான தாள். உடல் நலத்துக்கான தாள் அல்ல.

இடத்தையும் மோந்து பாருங்கள். மூத்திர நாற்றம் கண்ணை எரித்தால், இரும்புக் கம்பிக் கூண்டில் நாலைந்து இனக் குட்டிகளைச் சேர்த்து அடைத்திருந்தால், அங்கிருந்து நோயும் சேர்ந்துதான் வரும். தரையில் ரத்தம் கலந்த கழிச்சல் ஒரு துளி தெரிந்தாலும் செருப்பைக்கூட நன்றாகக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

நல்ல வளர்ப்பவரை அடையாளம் காண ஒரு எளிய வழி: அவர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பார். "எத்தன ஏக்கருங்க? வேலி இருக்குதுங்களா? கட்டிப் போடுவீங்களா, அவுத்து உடுவீங்களா?" அப்படிக் கேட்கிறவர் காசை விடக் குட்டியை மதிக்கிறவர்.

குட்டியைக் கையில் எடுத்தால்

வயது: எட்டு வாரம் முடிந்திருக்க வேண்டும். "நாப்பது நாளாச்சு, எடுத்துக்கங்க" என்றால் வேண்டாம். கூடப் பிறந்தவற்றோடு விளையாடிக் கடித்து, கடி வாங்கித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பின்னால் ஆளையும் ஆட்டையும் கடிப்பதில் அளவு தெரியாமல் வளரும்.

காது: வெள்ளை நாய்களுக்கு, முக்கியமாக ராஜபாளையத்துக்கு, இது கட்டாயம். பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. உடம்புக்கு நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் காது கேட்காது. குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக விடுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும், நமக்குத் தெரியாது. பின்னால் நின்று, காற்றும் நிழலும் படாத தூரத்தில் கை தட்டுங்கள். சாவிக் கொத்தை ஆட்டுங்கள். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா? இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு மருத்துவமனைக் கருவி வேண்டும். இரண்டு காதும் கேட்காத நாய் காவலுக்கு ஆகாது. பாம்பு சீறுவதும், வண்டி வருவதும் அதற்குத் தெரியாது.

வாய்: ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறி இருந்தால் கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கத்தரிபோலச் சேர வேண்டும்.

வயிறு: உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் குடற்புழு. தொப்புளில் மெத்தென்று உருண்டை கைக்குத் தட்டினால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் பயமில்லை, ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்: தரையில் விட்டு நடக்க விடுங்கள். முன்னங்கால் வளைந்து பாதம் பரப்பி நடந்தால் சுண்ணாம்புச் சத்து, தீனிக் குறை. ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் என்றால் தாய் தகப்பனுக்கு இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். அவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்தில் வருகிற நோய்.

தோல், கண், பின்பக்கம்: கண்ணைச் சுற்றி, வாய் ஓரம், முன்காலில் வட்டமாக ரோமம் கொட்டியிருந்தால் சொறி. கண் தெளிவாக இருக்க வேண்டும். வாலைத் தூக்கிப் பாருங்கள்; கழிச்சல் ஒட்டியிருந்தால் அன்றைக்கு வாங்க வேண்டாம்.

குணம்: தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் வருவதும் வேண்டாம், கடைசி வரை மூலையை விட்டு வராததும் வேண்டாம். வந்து மோந்து, திரும்பிப் போய், மறுபடி வருகிற நடுத்தரக் குட்டிதான் தோட்டத்துக்கு ஏற்றது. ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிடட்டும், ஆனால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து என்னவென்று பார்க்க வர வேண்டும்.

ஊசி விசயத்தில் நாட்டு வைத்தியம் பேச வேண்டாம்

நம் மக்கள் சிலர் இதைப் படித்துவிட்டுக் கோபிக்கலாம். மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு போடுகிறவன்தான் நானும். ஆனால் பார்வோ கழிச்சலுக்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசிக்கு மாற்றாக ஒரு மூலிகையும் இல்லை. வெறிநோய் அறிகுறி காட்டிய பிறகு நாயானாலும் மனிதனானாலும் பிழைப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம்.

பார்வோ 1978 வாக்கில் உலகமெங்கும் பரவிய வைரஸ். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருசம்கூட உயிரோடு கிடக்கும். ஆகவே போன வருசம் ஒரு குட்டி கழிச்சலில் செத்த சாளைக்கு, ஊசி போட்டு முடிக்காத புதுக் குட்டியைக் கொண்டுவரக் கூடாது. சிமெண்ட் தரையையும் தட்டையும் பிளீச்சிங் கரைசலால் கழுவலாம். மண்ணை அப்படிக் கழுவ முடியாது.

கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு விடுவது பாதி வேலை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும் என்பதால்தான் இத்தனை தடவை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் மருத்துவர் சொல்கிற கணக்கில். குடற்புழு மருந்து இரண்டு வார வயதிலிருந்தே கொடுத்திருக்க வேண்டும். நாயின் உருண்டைப் புழு குழந்தைகளுக்கும் தொற்றும்.

"ஊசியெல்லாம் போட்டாச்சுங்க" என்கிற வாய்ச் சொல் கணக்கில் சேராது. ஊசிச் சீட்டில் மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். ஐந்து வாரத்துக் குட்டிக்கு வெறிநோய் ஊசி போட்டதாகச் சீட்டு இருந்தால் அந்தச் சீட்டையே சந்தேகப்படுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கு என்றே 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. 1960 விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் முடியாமல் இணை சேர்க்கக் கூடாது; வருசத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது; ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. 2024இல் தமிழ்நாடு அரசும் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

வாங்குகிற நமக்கு இது எதற்கு? "பதிவு எண் என்னங்க, தாய்க்கு இது எத்தனாவது ஈத்துங்க?" என்று நாம் கேட்க ஆரம்பித்தால்தான் விதி நடைமுறைக்கு வரும். பதிவு இல்லாத சின்ன ஆள், ஒரே ஒரு பட்டி நாய் குட்டி போட்டது என்று கொடுப்பவர் வேறு. வருசம் முழுக்கக் குட்டி இருப்பு வைத்திருப்பவர் வேறு. இரண்டாமவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

காசு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அதில் குட்டியின் பிறந்த தேதி, அடையாளம், போட்ட ஊசி, கொடுத்த விலை, "ஏழு நாளுக்குள் மருத்துவர் பிறவிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வரி இருக்கட்டும். நல்ல குட்டி வைத்திருப்பவர் எழுதித் தருவார். பேருந்திலோ லாரியிலோ அனுப்பி வைக்கிறேன், பணத்தைப் போனில் போடுங்கள் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர்க் கால்நடை மருந்தகம் உண்டு. சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தெற்கே உடுமலைப்பேட்டையிலும், கிழக்கே நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

பழைய இடத்தில் என்ன தின்றதோ அதையே ஒரு வாரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நம் தீனிக்கு மாற்றுங்கள். வெறும் மோர்ச் சோறு வளர்கிற குட்டிக்குப் போதாது. முட்டை, கறி, மீன் ஏதாவது வேண்டும். சின்ன வெங்காயம் போட்ட குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

இயற்கை உழவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. விஷம் தெளிக்காத தோட்டம், நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எலும்புத்தூளோடு கலந்து வைத்தால் வாசத்துக்கு நாய் ஓடி வந்து தின்னும். தின்றால் பிழைப்பது கஷ்டம். மூட்டையை உயரத்தில் வையுங்கள், மண்ணில் போட்டால் அன்றே மூடுங்கள். பக்கத்துக் காட்டில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலிருந்து ஆட்டையும் கோழியையும் காட்டுங்கள், கயிற்றில் பிடித்துக்கொண்டே. பன்னிரண்டு வாரத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் குட்டி "நம்மது" என்று ஏற்கும். குட்டி எடுக்கிற எண்ணம் இல்லை என்றால் வளர்ந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். சாளையில் பிறந்து போக்கிடம் இல்லாத ஒவ்வொரு குட்டியும் இன்னொருவர் பட்டிக்கு ஆபத்து.

ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். கறவை மாடு வாங்க மூன்று சந்தை அலைகிறோம், நாய்க்குட்டிக்கு மட்டும் ஒரே நாளில் முடிவு எடுக்கிறோம். இரண்டு தடவை போங்கள். முதல் தடவை தாயை மட்டும் பார்த்துவிட்டு, கையில் காசே கொண்டு போகாமல் திரும்பி வாருங்கள். ஒரு வாரம் கழித்தும் அதே குட்டி, அதே தாய், அதே பதில் என்றால் அப்போது எடுத்து வாருங்கள்.